அம்மா குவைத்தில், பிள்ளை லயத்தில்: முன்பள்ளி, முதலாம் ஆண்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 14 வருடம் முன்பள்ளி டீச்சராக இருந்தேன். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் இருக்கும் வரிசை வீடுகள். வேலையை விட்டுவிட்டேன், கேள்விகள் என்னை விடவில்லை. பிள்ளையை ஊரில் விட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன அம்மாமாரிடமிருந்து, பெரும்பாலும் இரவு 11 மணிக்கு மேல்தான் போனில் குரல் பதிவு வரும். குவைத்தில் அப்போது எட்டரை. மேடம் வீட்டில் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவே, "டீச்சர், சின்னவன ஸ்கூல்ல எப்படிச் சேர்க்கிறது?" என்று ஒரு குரல். அப்படி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கு யாராவது இதை வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது. அலுவலக வாசலில் நிற்கப்போவது அவர்தானே.

பிள்ளைக்கு 3 வயது முடிந்துவிட்டது. இப்போது எங்கே சேர்ப்பது?

தோட்டத்தில் மூன்று இடம் இருக்கிறது. முதலாவது பிள்ளை மடுவம். இப்போது பலகையில் "சிறுவர் அபிவிருத்தி நிலையம்" என்று எழுதியிருப்பார்கள், ஆனாலும் வாயில் வருவது மடுவம்தான். கொழுந்து எடுக்கப் போகும் அம்மாமார் கைக்குழந்தையை விட்டுப் போவதற்காக வந்தது அது. இரண்டாவது முன்பள்ளி, 3 வயதிலிருந்து 5 வயது வரை. சில தோட்டங்களில் இரண்டும் ஒரே கட்டடத்தில் நடக்கும். மூன்றாவது அரசாங்கப் பாடசாலையின் முதலாம் ஆண்டு, அதாவது தரம் 1.

3 வயதுப் பிள்ளைக்கு முன்பள்ளி. மடுவத்தில் ஏற்கெனவே இருக்கிற பிள்ளை என்றால் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அவரே வழி சொல்வார். நீங்கள் தோட்டத்தில் பெயர் பதியாதவர் என்பதால் பிள்ளையை மடுவத்தில் எடுக்க மாட்டார்கள் என்று நீங்களாக முடிவு கட்டிவிட வேண்டாம். அம்மாயி, அதாவது உங்கள் அம்மா, வேலை செய்கிற தோட்டம் என்றால் அதைச் சொல்லிக் கேட்கலாம்.

முன்பள்ளி அரசாங்கத்துடையதா? காசு கட்ட வேண்டுமா?

இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. தரம் 1இலிருந்து மேலே இருப்பது அரசாங்கக் கல்வி: பாடப்புத்தகம் இலவசம், சீருடைத் துணி இலவசம். அதற்குக் கீழே உள்ள முன்பள்ளிகளை மாகாண சபை பதிவு செய்து மேற்பார்க்கிறது. நடத்துபவர் பிரதேச சபையாக இருக்கலாம், கோயிலோ சேர்ச்சோ தொண்டு நிறுவனமோ தோட்டமோ ஒரு தனி ஆளோ கூட இருக்கலாம். அதனால் சில இடத்தில் மாதக் கட்டணம் உண்டு, சில இடத்தில் இல்லை. சேர்க்கும் முன் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: மாகாணத்தில் பதிவு செய்த முன்பள்ளியா? சுவரில் பதிவுச் சான்றிதழ் தொங்க வேண்டும்.

முன்பள்ளிக்குப் போகாத பிள்ளையை முதலாம் ஆண்டில் எடுப்பார்களா?

எடுப்பார்கள். முன்பள்ளிச் சான்றிதழ் கட்டாயம் இல்லை, நுழைவுப் பரீட்சையும் வைக்கக் கூடாது.

எந்த வயதில் முதலாம் ஆண்டு? எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

சேர்கிற வருடம் ஜனவரி 31ஆம் திகதிக்குள் 5 வயது முடிந்திருக்க வேண்டும். 2022 ஜனவரி 20இல் பிறந்த பிள்ளை 2027இல் போகும். 2022 பெப்ரவரி 3இல் பிறந்த பிள்ளை 2028 வரை காத்திருக்க வேண்டும். இரண்டு கிழமை வித்தியாசத்தில் ஒரு வருடம் போகிறதே என்று எத்தனையோ அம்மாமார் என்னிடம் சண்டை பிடித்திருக்கிறார்கள். நான் என்ன செய்ய?

விண்ணப்பம் கோருவது அதற்கு முந்தைய வருடம், வழக்கமாக நடுப்பகுதியில். கல்வி அமைச்சு சுற்றறிக்கையையும் மாதிரி விண்ணப்பத்தையும் வெளியிடும், பத்திரிகையிலும் வரும். முடிவுத் திகதி வருடத்துக்கு வருடம் மாறும். அதனால் பிள்ளைக்கு 4 வயது நடக்கும்போதே, மே மாதம் பிறந்ததும், வீட்டில் ஒருவரை வாரத்துக்கு ஒரு முறை அதிபரிடமோ வலயக் கல்வி அலுவலகத்திலோ விசாரிக்கச் சொல்லுங்கள். நுவரெலியா மாவட்டத்தில் மட்டும் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என்று 5 வலயங்கள். உங்கள் பாடசாலை எந்த வலயம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தலவாக்கலையில் இருப்பவர் ஹட்டனுக்கு பஸ் ஏறி, அங்கே போய் "இது எங்கள் வலயம் இல்லை" என்று கேட்டுத் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் வெளிநாட்டில். அம்மாயி கையெழுத்துப் போட்டால் செல்லுமா?

பெரும்பாலான சிக்கல் இந்த இடத்தில்தான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மடுவம், முன்பள்ளி இரண்டுக்கும் அம்மாயி போதும். அவருடைய அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, அவசரத்துக்கு ஒரு போன் இலக்கம். பிள்ளையைக் கூட்டிப்போக யார் யார் வருவார்கள் என்று டீச்சரிடம் பெயர் கொடுத்து வையுங்கள். நான் வேலை செய்த காலத்தில், "மாமா" என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவரோடு பிள்ளையை அனுப்பாமல் பிடித்து வைத்து, அவர் உண்மையிலேயே மாமா என்று தெரிந்து, அந்த வீட்டாரோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேச முடியாமல் போயிற்று. ஆனாலும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

முதலாம் ஆண்டுக்கு விண்ணப்பதாரர் அப்பா, அம்மா அல்லது சட்டபூர்வ பாதுகாவலர். அப்பா தோட்டத்தில் இருந்தால் பேச்சே இல்லை, அவர் பெயரில் விண்ணப்பியுங்கள். நீங்கள் குவைத்தில் இருப்பது அதற்குத் தடையே இல்லை. அப்பாவும் கொழும்பில் கடையில் வேலை என்றால் பாடசாலை நேர்முகத்துக்கு ஒரு நாள் லீவு போட்டு வரச் சொல்லுங்கள்.

இரண்டு பேரும் வெளிநாடு, அல்லது அப்பா இருந்தும் இல்லாத மாதிரி என்றால்? நான் பார்த்தவரை தோட்டப் பாடசாலை அதிபர்கள் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதில்லை. உங்கள் தூதரகத்தின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்திய கடிதம், அம்மாயியின் அடையாள அட்டை, பிள்ளை அவரோடு இருக்கிறது என்று கிராம உத்தியோகத்தர் கொடுத்த கடிதம், இந்த மூன்றும் இருந்தால் பேசலாம். ஆனால் போட்டி உள்ள நகரத்துப் பாடசாலைக்கு இது போதாது. "சட்டபூர்வ பாதுகாவலர்" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள். அங்கே நீதிமன்ற உத்தரவு வரைக்கும் போக வேண்டி வரலாம். வக்கீலுக்குக் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகப் பார்ப்பார்கள்.

ஒரு கதை. எங்கள் லயத்து அம்மாயி ஒருவர் நகரத்துப் பாடசாலை ஒன்றுக்கு மூன்று தடவை போய் வந்தார். முதல் தடவை "தாயின் கடிதம் வேண்டும்." இரண்டாம் தடவை "கடிதத்தில் தூதரக முத்திரை இல்லை." மூன்றாம் தடவை முத்திரையோடு போனார், "சேர் இன்று லீவு." ஒரு ஷொப்பிங் பேக்கில் எல்லாக் காகிதமும். அதற்குள் கிளினிக் கொப்பியைத் தனியாக ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார், மழையில் நனையாமல். மூன்றாம் தடவை வந்து பேக்கை என் மேசையில் வைத்துவிட்டு, "புள்ள, இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு வாசிச்சுச் சொல்லு, அடுத்த தடவ நானே சொல்லிருவேன்" என்றார். நான்காம் தடவை கடிதத்தில் இருந்ததை வரி பிசகாமல் அங்கே ஒப்பித்திருக்கிறார். பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள்.

என்னென்ன காகிதம் வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, பெற்றோரின் அடையாள அட்டை, வதிவிடத்தைக் காட்டும் ஏதாவது ஆவணம், வாக்காளர் இடாப்புப் பிரதி. இதில் முதல் இரண்டையும் பற்றித்தான் பேச நிறைய இருக்கிறது.

கிளினிக் கொப்பி என்றால் மிட்வைப் மிஸ் எடையைப் புள்ளி புள்ளியாகக் குறிப்பாரே, அதுதான். ஊசி விபரம் எல்லாம் அதில்தான். 9 மாதத்தில் ஒரு எம்.எம்.ஆர்., 3 வயதில் இன்னொன்று. 3 வயது ஊசியைத் தவறவிடுகிற பிள்ளைகள் அதிகம், ஏனென்றால் அந்த வயதில்தான் அம்மா விமானம் ஏறுகிறார். போவதற்கு முன் கொப்பியின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் அதை எடுப்பதுதான் முதல் வேலை. பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். தாமதித்துப் பதியவும் வழி உண்டு, ஆனால் ரொம்பத் தாமதித்துவிட்டால் கூடுதல் சாட்சியங்களோடு பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டும். எதுவும் கிடைக்காத நிலையில் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது, அதையும் விசாரியுங்கள். பதிந்திருந்து பிரதி மட்டும் தொலைந்தது என்றால் பெரிய விஷயம் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மண்சரிவில் லயத்தோடு பெட்டியும் போனவர்கள் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி எடுக்கலாம்.

பாஸ்போட்டில் என் பெயர் ஒரு மாதிரி, பிள்ளையின் சான்றிதழில் வேறு மாதிரி. பிரச்சினை வருமா?

மலையகத்தில் இந்தப் பிரச்சினை இல்லாத வீட்டைக் காட்டுங்கள் பார்க்கலாம். விஜயலெட்சுமி ஒரு காகிதத்தில், விஜேலச்சுமி இன்னொன்றில், ஏஜென்சிக்காரன் அடித்த பாஸ்போட்டில் வெறும் விஜயா. கேட்டு எழுதியவருக்குத் தமிழ் தெரியாது, சொன்னவருக்குத் திருப்பி வாசிக்கத் தெரியாது.

சின்ன எழுத்து வித்தியாசம் என்றால், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி. தோட்டப் பாடசாலைக்கு அது போதும். பிள்ளையின் பெயரே தப்பு என்றால் சத்தியக் கடதாசியோடு சமாளிக்க வேண்டாம், இப்போதே திருத்துங்கள். முதலாம் ஆண்டில் பதிவேட்டில் ஏறுகிற பெயர் சாதாரண தரப் பரீட்சை வரை பிள்ளையைத் தொடரும்.

நாங்கள் கோயிலில் தாலி கட்டினோம், பதியவில்லை. சான்றிதழில் "விவாகம்: இல்லை" என்று இருக்கிறது. கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட ஒன்றும் இல்லை, தங்கச்சி. கோயில் கல்யாணத்தைப் பதியாமல் விடுவது நம் ஊரில் சாதாரணம். அந்த ஒரு வரிக்காகப் பாடசாலை பிள்ளையைத் தள்ள முடியாது. பதிவாகாத கல்யாணத்தில் அப்பா பெயர் சேர வேண்டுமானால், பிறப்பைப் பதியும்போது இருவரும் சேர்ந்து கையெழுத்து வைத்திருக்க வேண்டும். அதனால்தான் சில சான்றிதழில் அப்பா கூடு வெறுமையாக இருக்கிறது. அப்பா பெயரில் விண்ணப்பிக்க நினைத்தால் இதை முதலில் பாருங்கள். அடுத்த லீவில் வரும்போது விவாகத்தைப் பதிந்துவிட்டு, பிள்ளையின் பிறப்பை மறுபதிவு செய்ய முடியுமா என்று பதிவாளரிடம் கேளுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு நல்ல ஸ்கூலில் தனி இடம் இருக்கிறதாமே?

இந்தக் கதையை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. சுற்றறிக்கையில் 1 வீத இடம் இருக்கிறது, உண்மை. ஆனால் அது பிள்ளையோடு வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டுத் திரும்பி வந்தவர்களுக்கு. அம்மா குவைத்தில், பிள்ளை லயத்தில் என்றால் அந்தப் பிரிவில் விண்ணப்பிக்க முடியாது. அதை வைத்து "நான் வாங்கித் தருகிறேன்" என்று காசு கேட்பவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். முதலாம் ஆண்டு அனுமதிக்குக் காசு வாங்குவதே தடை.

ஹட்டன், நுவரெலியா, பதுளை நகரங்களில் பெயர் பெற்ற பாடசாலைகளில் இடத்தைப் பங்கிடுவது இப்படி: அருகில் வசிப்பவர்களுக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, அங்கே படிப்பவரின் தம்பி தங்கைகளுக்கு 15. மீதி கல்வித் துறையில் வேலை செய்வோர், இடமாற்றத்தில் வந்த அரச அலுவலர், இந்த 1 வீதக்காரர். "அருகில்" என்பதற்கு 5 வருட வாக்காளர் இடாப்பும், உறுதி போன்ற வீட்டுப் பத்திரமும் கேட்பார்கள். வீட்டுக்கும் அந்தப் பாடசாலைக்கும் நடுவில் வேறு பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். லயக் காம்பராவுக்கு உறுதி எங்கே இருக்கிறது? நாலு தலைமுறையாக அதே காம்பராவில் இருந்தாலும் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை, கோபம்தான் வருகிறது.

விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நகரத்துப் பாடசாலைக்குப் போடுங்கள், கூடவே தோட்டத்துப் பாடசாலைக்கும் போடுங்கள். என் அப்பா காலத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாரும். 1945இலேயே நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தாலும், தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது 1970களில்தான். இன்றைக்கு அந்த நிலைமை இல்லை. நடந்து போகிற தூரத்தில் இருக்கிற பாடசாலையில் ஒரு நல்ல முதலாம் ஆண்டு டீச்சர் இருந்தால், விடிகாலை ஐந்தரைக்கு வானில் தூங்கிக்கொண்டே போகிற நகரத்துப் பாடசாலையைவிட அதுவே 5 வயதுப் பிள்ளைக்கு நல்லது என்பது என் கட்சி.

பிள்ளை இங்கேதான் என்னோடு பிறந்தது. ஊருக்குக் கூட்டி வந்து சேர்க்க வேண்டும்.

அந்த நாட்டுப் பிறப்புச் சான்றிதழோடு மட்டும் விமானம் ஏறாதீர்கள். அங்கேயே இலங்கைத் தூதரகத்தில் பிறப்பைப் பதியுங்கள். குடியுரிமைப் பதிவும் வேண்டும், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அது தானாக வராது. 2003இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு தாய் வழியாகவும் குடியுரிமை கிடைக்கும், ஆகவே அப்பா பெயர் இல்லாவிட்டாலும் பிள்ளை இலங்கைப் பிள்ளைதான். தூதரகத்துக்குப் போகப் பயந்து விட்டுவிட்டவர்கள், திரும்பி வந்த கையோடு பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். யார் பிள்ளை, எப்படி என்று லயத்தில் ஆயிரம் பேச்சு வரும். அவரிடம் சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னால் போதும்.

தமிழ்நாட்டில் அகதி முகாமில் பிறந்து திரும்புகிற பிள்ளைகளுக்கும் இதே வழி, தூதரகத்துக்குப் பதில் சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயம்.

நேர்முகத்துக்கு நான் வீடியோவில் வரலாமா?

முடியாது. அசல் காகிதத்தோடு ஆள் போக வேண்டும்.

கடிதம் வரவே இல்லை. நேர்முகத் திகதி போய்விட்டது. என்ன செய்வது?

தோட்டத்துக்கு வரும் தபால் முதலில் ஒபிசுக்குப் போகும், அப்புறம் யார் கையிலாவது வரும். லயத்துக்கு இலக்கம் இல்லை, ஒரே பெயரில் நாலு பேர். என் தம்பி மகனின் கடிதம் திகதி முடிந்து 9 நாள் கழித்து, கொழுந்து மடுவத்துச் சுவரில் செருகியிருந்தது.

ஆகவே விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் முகவரியாக டவுனில் தெரிந்த கடையையோ சொந்தக்காரர் வீட்டையோ "மேற்பார்த்து" என்று போடலாம், ஆனால் வதிவிட முகவரிக் கூட்டில் உண்மையான முகவரிதான் இருக்க வேண்டும். தற்காலிகப் பட்டியலைப் பாடசாலைப் பலகையில் ஒட்டுவார்கள். அதில் பெயர் இல்லை என்றால் மேன்முறையீடு செய்யக் குறிப்பிட்ட நாட்கள் உண்டு. அதுவும் தவறிவிட்டால் நேரே வலயக் கல்வி அலுவலகம். 5 வயதிலிருந்து 16 வரை கல்வி கட்டாயம் என்பது சட்டம், இடம் உள்ள ஏதாவது ஒரு பாடசாலையை அவர்கள் காட்டத்தான் வேண்டும்.

நான் இன்னும் போகவில்லை. பிள்ளைக்கு 2 வயது. போகலாமா?

2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்து, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் வீட்டு வேலைக்குப் போக முடியாது என்றார்கள். 2022இல் நாடு டொலருக்குத் தவித்தபோது அந்த வயதை 2ஆகக் குறைத்தார்கள். போகலாமா, வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். கொழுந்துச் சம்பளத்தில் கடன் அடைகிற கணக்கு எனக்கும் தெரியும்.

போவதாக இருந்தால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுப் போங்கள். பிள்ளை பின்னால் ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசிலில் சித்தியடைந்தால் பணியகத்தின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அந்தப் பதிவு வேண்டும். பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் அம்மாயியை நேரில் கூட்டிப்போய் முகம் காட்டி வையுங்கள். பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கிற அன்றே பிள்ளைக்கும் நாலு படம் எடுத்து, பிறப்புச் சான்றிதழில் மூன்று பிரதி எடுத்து, எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டு அம்மாயியின் டிரங்குப் பெட்டியில் வையுங்கள். உங்கள் கணவர் பொறுப்பானவர் என்றால் அவரிடம். அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் நாள் பிள்ளை அழுதால்? நான் போன் எடுக்கலாமா?

அழும். எல்லாப் பிள்ளையும் அழும், அம்மா வாசலில் நிற்கிற பிள்ளையும்தான். காலையில் போன் எடுக்காதீர்கள். இங்கே 8 மணி என்றால் அங்கே ஐந்தரை, நீங்களும் அழுதுவிட்டு நாள் முழுக்க வேலை செய்ய வேண்டி வரும். பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு எடுங்கள். "அழுதியா?" என்று கேட்காதீர்கள். "பக்கத்துல யார் உட்கார்ந்தா?" என்று கேளுங்கள். அப்புறம் டீச்சரின் இலக்கத்தை வாங்கி, உங்கள் பெயரையும் நாட்டையும் சொல்லி ஒரே ஒரு குரல் பதிவு போட்டு வையுங்கள். டீச்சரும் மனுஷிதான், இரவு 11 மணிக்கு மட்டும் வேண்டாம்.